மொட்டை மாடியில் கேஜ் கோட்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஓர் இயற்பியல் வகுப்பு நடக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வரும் இரண்டு மூன்று பேர் உண்டு. பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தாமும் ஓரமாக உட்கார்ந்துவிடும் பெற்றோரும் உண்டு. இந்த ஆண்டு எடுத்துக்கொண்ட பாடம், துகள் இயற்பியலில் கேஜ் இடைவினைகள். மின்காந்த விசை, அணுக்கருவைக் கட்டிவைக்கும் வல்விசை, ஒருவகைக் கதிரியக்கத்துக்குக் காரணமான மெல்விசை ஆகிய மூன்றையும் ஒரே அச்சில் வார்த்தது போலச் சொல்லும் கோட்பாடு அது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். சமன்பாடுகள் மாடியில், இங்கே பேச்சு மட்டும்.

கேஜ் என்றால் நம் ரயில் கேஜ்தானா?

சொல் அதுதான். நம் விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதை முன்பு மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 1000 மி.மீ. 2010இல் 1676 மி.மீ. அகலப்பாதையாகத் திறந்தார்கள். அகலம் எதுவானாலும் திருப்பாதிரிப்புலியூருக்கும் சிதம்பரத்துக்கும் உள்ள தூரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாமாக வைத்துக்கொண்ட அளவு ஒன்று, அதற்குக் கட்டுப்படாத உண்மை ஒன்று. அந்த மட்டுக்கும் உவமை பொருந்தும்.

ஆனால் இந்தச் சொல் இயற்பியலுக்குள் வந்தது எடைக்கல் வழியாக. ஹெர்மன் வைல் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் 1918இல் தொடங்கிவைத்த யோசனைக்கு ஒட்டிக்கொண்ட ஜெர்மன் சொல் ‘ஐஷுங்’. முதுநகர் மீன் கடையில் இரும்புப் படிக்கல்லைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு சின்னக் குழி, அதில் ஈயம், ஈயத்தின் மேல் அரசு முத்திரை. கல்லைச் சரிபார்த்து முத்திரை வைக்கும் அந்த வேலைக்குத்தான் ஜெர்மனில் அந்தப் பெயர். ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்கள் ‘கேஜ்’ என்றார்கள், நாமும் பிடித்துக்கொண்டோம்.

தமிழில் ஒரு சொல் வைத்துக்கொள்ளக் கூடாதா?

‘அளவை’ என்று ஒரு மாதம் சொல்லிப் பார்த்தேன். அளவு, அளவீடு, அளவுகோல் எல்லாவற்றோடும் குழம்பியது. கேஜ் என்றே விட்டுவிட்டேன். நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ள எனக்கு ஆட்சேபம் இல்லை.

சரி, வைலின் யோசனை என்ன?

நம் பக்கத்து நிலக்கணக்கில் சொல்கிறேன். குழி என்பது ஊருக்கு ஊர் வேறு. 12 அடிக் கோலால் அளந்து 144 சதுர அடியை ஒரு குழி என்கிற ஊர்கள் உண்டு. 24 அடிக் கோலால் அளந்து 576 சதுர அடியை ஒரு குழி என்கிற ஊர்களும் உண்டு; அங்கே 100 குழி ஒரு காணி, 1.32 ஏக்கர். வெளியூர்க்காரர் நிலம் பார்க்க வந்தால் முதலில் கேட்கவேண்டியது விலையை அல்ல, கோலை.

இப்போது ஒவ்வோர் ஊரும் தன் கோலைத் தானே வெட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர் எல்லைதோறும் ஒரு கணக்கர். அவர் கையில் ஒரு சீட்டு: அந்த ஊர் 100 குழி இந்த ஊரில் இத்தனை. கடலூரில் 100 என்ற எண்ணோடு கிளம்பி நெல்லிக்குப்பம், பண்ருட்டி, விழுப்புரம், புதுச்சேரி, அரியாங்குப்பம் என்று சுற்றி, எல்லைக்கு எல்லை மாற்றிக்கொண்டே கடலூருக்குத் திரும்புகிறோம். 100 என்றே திரும்பினால் பிரச்சினை இல்லை. எல்லா ஊரும் பேசிவைத்து ஒரே கோலுக்கு மாறிவிட்டால் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

103 என்று திரும்பினால்? பண்ருட்டிக்காரர் தம் கோலை வெட்டிக் குறைக்கட்டும். அவருக்கு இந்தப் பக்கத்துச் சீட்டும் அந்தப் பக்கத்துச் சீட்டும் மாறும்; ஒன்றில் கூடியது மற்றதில் கழிந்துவிடும். சுற்றி வந்த கணக்கு அதே 103. யார் கோலை எப்படி மாற்றினாலும் அந்த 3 அசையாது.

இதுதான் முழு விஷயமும். கோலை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம்தான் கேஜ் சுதந்திரம். சீட்டுக்குப் பொட்டன்ஷியல் என்று பெயர். சுற்றி வந்தால் மிஞ்சுகிற அந்த 3தான் புலம். வைல் 1918இல், நீளத்தின் அளவுகோலே இடத்துக்கு இடம் மாறலாம், சுற்றி வந்தால் மிஞ்சுவதுதான் மின்காந்தம் என்றார்.

ஐன்ஸ்டைன் அதை ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

கல்லூரி ஆய்வகத்தில் சோடியம் விளக்கை வைத்து நியூட்டன் வளையம் பார்த்தவர்களுக்கு 5893 ஆங்ஸ்ட்ராம் என்ற எண் மறக்காது. ரெக்கார்டு நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதியிருப்போம். தேவனாம்பட்டினத்தில் பார்த்தாலும் பாரிஸில் பார்த்தாலும் அந்த மஞ்சள் அதே மஞ்சள்தான்.

வைல் சொன்னபடி நடந்தால், வேறு வேறு வழியில் வந்த இரண்டு சோடியம் அணுக்கள் வேறு வேறு அளவுகோலோடு வந்து சேரும். ஒன்றின் மஞ்சள் மற்றதன் மஞ்சளாக இருக்காது. ஒவ்வோர் அணுவும் தான் கடந்துவந்த பாதையை நிறத்தில் காட்டிக்கொடுக்கும். அப்படி எதுவும் நடப்பதில்லை. நிறமாலைக் கோடுகள் கூர்மையாக இருக்கின்றன. ஐன்ஸ்டைனின் இந்த ஆட்சேபம் வைலின் கட்டுரையோடேயே, அதன் வாலில், அச்சாகி வந்தது. யோசனை அழகு, இயற்கைக்கு ஒத்துவரவில்லை.

பிறகு எப்படி உயிர் பிழைத்தது?

அணு அளவிலான உலகுக்கான கணக்கு, குவாண்டம் இயக்கவியல் வந்தது. 1926, 27இல் ஃபோக், லண்டன் ஆகியோரும் 1929இல் வைலும் கண்டது இது: மாறுவது நீளம் இல்லை, ஃபேஸ்.

ஃபேஸ் நமக்குப் புதிய சொல் இல்லை. மோட்டார் வைத்த வீட்டில் த்ரீ ஃபேஸ் கரண்ட் உண்டு. மூன்று கம்பியிலும் ஒரே ஏற்ற இறக்கம்தான், ஆனால் ஒன்றுக்கொன்று 120 டிகிரி பின்தங்கி வரும். எலக்ட்ரானும் அலை என்பதால் அது பரவியிருக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குட்டிக் கடிகார முள் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். முள் எந்தப் பக்கம் காட்டுகிறது என்பதை எந்தக் கருவியாலும் நேராகப் பார்க்க முடியாது. இரண்டு முள்ளுக்கு இடையிலான வித்தியாசத்துக்குத்தான் விளைவு உண்டு. ஆகவே ‘மணி 12’ எங்கே என்பதை ஒவ்வோர் இடமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கோலுக்குப் பதில் கடிகார முகப்பு, அவ்வளவுதான். ஐன்ஸ்டைனின் ஆட்சேபமும் இங்கே செல்லாது. முள் திரும்பினாலும் சோடியத்தின் நிறம் மாறாது.

இதைக் காட்ட வகுப்பில் ஆடிய தட்டு விளையாட்டை எழுதுங்களேன், நான் அன்று வரவில்லை.

எட்டு எவர்சில்வர் தட்டு, எட்டுப் பேர், வட்டமாக. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் மார்க்கரால் ஓர் அம்புக்குறி. அதுதான் அந்த ஆளின் ‘12 மணி’. அம்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி வைத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த இருவருக்கு இடையில் ஒரு துண்டுச் சீட்டு: என்னிடமிருந்து உனக்கு முள்ளைக் கைமாற்றும்போது இத்தனை டிகிரி திருப்பு. ஒரு சுற்று வந்ததும் முள் 40 டிகிரி தள்ளியிருந்தது. நான் சீட்டுகளை அப்படித்தான் எழுதியிருந்தேன்.

பிறகு எல்லோரும் தட்டை மனம்போனபடி திருப்பிக்கொண்டார்கள். சீட்டுகளை அதற்கேற்பத் திருத்தி எழுதினோம். எட்டுச் சீட்டிலும் எண்கள் அடையாளமே தெரியாமல் மாறிப்போயின. சுற்றி வந்தோம்: 130 டிகிரி. மாடியில் ஒரே சத்தம், கோட்பாடு தப்பு என்று. அரை மணி நேரம் தேடிய பிறகு, ஒரு பெண் கைமாற்றும்போது முள்ளை 45 டிகிரி இடப்பக்கம் திருப்புவதற்குப் பதில் வலப்பக்கம் திருப்பியிருந்தது தெரிந்தது. 90 டிகிரி பிழை. கழித்தால் 40. குறியில் தவறு செய்து அரை நாளைத் தொலைப்பது இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பழகிய காரியம்தான் என்று ஆறுதல் சொன்னேன்.

அந்த 40 டிகிரிதான் வட்டத்துக்குள் சிக்கியிருக்கும் காந்தப் பாயம், அதாவது வட்டத்தின் வழியே போகும் காந்தப் புலத்தின் மொத்த அளவு. வட்டத்தை வெளியில் மட்டும் போடாமல் காலத்திலும் போட்டால், அதாவது இங்கே கொஞ்ச நேரம் நின்று அங்கே போய்த் திரும்பினால், மிஞ்சுவது மின்புலம்.

பொட்டன்ஷியல் வெறும் கணக்குச் சீட்டு என்றால், அதற்கென்று தனி உண்மை எதுவும் இல்லையா?

நல்ல கேள்வி. இதை 1959இல் அஹரானோவும் போமும் கூர்மையாகக் கேட்டார்கள். நீளமான கம்பிச் சுருளுக்குள் காந்தப் புலத்தை அடைத்துவிடுங்கள். வெளியில் புலம் சுழி. எலக்ட்ரான் கற்றையை இரண்டாகப் பிரித்து, சுருளின் இரு பக்கமும் வெளியே அனுப்பி மறுபடி சேர்த்தால்? எலக்ட்ரான் போன வழியில் எங்குமே புலம் இல்லை. ஆனாலும் இரண்டு அலையும் சேரும் இடத்தில் திரையில் விழும் வரிவரியான கோலம் நகரும் என்றார்கள்.

பலர் நம்பவில்லை. ஓரத்தில் புலம் கசிந்திருக்கும் என்று வாதம் பல ஆண்டு ஓடியது. 1986இல் ஜப்பானில் அகிரா தொனொமுராவின் குழு வளைய வடிவக் காந்தம் ஒன்றை, காந்தப் புலத்தை ஊடுருவ விடாத மீகடத்தியால் போர்த்தி, கசிவுக்கே வழியில்லாமல் செய்து காட்டியது. வளையத்தின் துளை வழியே போன எலக்ட்ரான் அலைக்கும் வெளியே போன அலைக்கும் நடுவே வரிகள் அப்படியே அரை வரி தள்ளி நின்றன. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குள் பல நாள் இருந்த சந்தேகம் போனது.

ஆக, ஒரு தனிச் சீட்டில் இருக்கும் எண்ணுக்கு உண்மை இல்லை. உள்ளூர்ப் புலம் மட்டும் போதும் என்பதும் சரியில்லை. ஒரு முழுச் சுற்றின் கூட்டுத்தொகை, அது எதைச் சுற்றி வந்தாலும், உண்மையானது.

“கேஜ் சமச்சீர் வேண்டும் என்று கேட்டாலே விசை தானாக முளைக்கும்” என்று காணொளிகளில் சொல்கிறார்களே?

இந்த வாக்கியத்தோடு எனக்கு ரொம்ப நாளாகச் சண்டை. பாதிதான் சரி. ஒவ்வோர் ஊரும் தன் கோலை வைத்துக்கொள்ளலாம் என்றால் எல்லையில் சீட்டு வேண்டும், அதுவரை தர்க்கம். ஆனால் எல்லாச் சுற்றும் 100க்கு 100 என்றே திரும்பும்படியான சீட்டுகளும் சீட்டுகள்தானே? அப்போது விசை ஏது? சுற்றி வந்தால் மிச்சம் இருக்கிறது, அந்த மிச்சம் ஆற்றலைச் சுமந்துகொண்டு அலையாக ஓடுகிறது என்பதெல்லாம் ஆய்வகம் சொன்ன செய்தி. கேட்டதால் முளைத்தது இல்லை.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். போலராய்டு கண்ணாடி போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒளிக்கு அதிர்வுத் திசை இரண்டுதான். ஆனால் சார்பியலுக்குப் பொருந்தும்படி எழுத நாம் நான்கு எண்களைப் பயன்படுத்துகிறோம். இரண்டு வேண்டிய இடத்தில் நான்கு. அந்த உபரியின் இன்னொரு பெயர்தான் கேஜ் சுதந்திரம். ஒரு பனித்துகளைத் திருப்பினால் அதே மாதிரி தெரிகிறதே, அந்த மாதிரிச் சமச்சீர் இது இல்லை. ஒரே விஷயத்தைப் பல விதமாக எழுதலாம் என்பதுதான். இத்தனை இருந்தும், எழுத்து வசதிக்கான இந்த விதிதான் எந்த இடைவினை சாத்தியம், எது சாத்தியமில்லை என்று கறாராகச் சலித்துக்கொடுக்கிறது. ஏன் அப்படி என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

யாங், மில்ஸ் என்ன செய்தார்கள்?

கடிகார முள் ஒரே தளத்தில் சுற்றும். 30 டிகிரி, பிறகு 50 டிகிரி. அல்லது 50, பிறகு 30. இரண்டும் 80தான். சென் நிங் யாங்கும் ராபர்ட் மில்ஸும் 1954இல் கேட்டது: வரிசை மாறினால் விடை மாறுகிற சுழற்சிகளுக்கு இதே சீட்டுக் கணக்கைப் போட்டால் என்ன?

ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். படம் மேலே, நீளவாட்டம் இடமிருந்து வலமாக மேசையில் கிடக்கட்டும். முதலில் மேசையோடு மேசையாகக் கால் வட்டம் திருப்புங்கள். பிறகு உங்களுக்கு எதிர்ப்பக்கமாகக் கவிழ்த்துங்கள். பெட்டி சின்ன முனையில் செங்குத்தாக நிற்கும். மறுபடி பழைய நிலைக்கு வந்து, இப்போது முதலில் கவிழ்த்துங்கள், பிறகு திருப்புங்கள். பெட்டி மருந்து பூசிய பக்கத்தில் படுத்திருக்கும். அதே இரண்டு வேலை, வரிசைதான் வேறு.

சீட்டுகளும் இந்த மாதிரிச் சுழற்சிகளாகிவிட்டால் ஒரு புது விளைவு வருகிறது. மின்காந்தத்தில் விசையைச் சுமக்கும் ஒளித்துகளான ஃபோட்டானுக்கு மின்சுமை கிடையாது. ஓர் ஒளிக்கற்றை இன்னொன்றை ஊடுருவி அதன் பாட்டுக்குப் போய்விடும். யாங்–மில்ஸ் கணக்கில் விசையைத் தூக்கிச் செல்லும் துகளே அந்த விசைக்கு ஆட்படும். தபால்காரருக்கே தபால் வருகிற நிலைமை.

ஆனால் ஒரு சிக்கல். கேஜ் சுதந்திரம் கெடாமல் இருக்கவேண்டும் என்றால் இந்தத் துகள்களுக்கு நிறை இருக்கக் கூடாது. நிறையில்லாத துகள் என்றால் நெடுந்தூர விசை. அப்படி ஒரு விசையை யாரும் பார்த்ததில்லை. 1954 பிப்ரவரியில் பிரின்ஸ்டனில் யாங் பேசத் தொடங்கியதுமே இயற்பியலாளர் வுல்ஃப்காங் பௌலி குறுக்கிட்டு, இந்தப் புலத்தின் நிறை என்ன என்று கேட்டார். தெரியவில்லை என்றதும் விடவில்லை, மறுபடி கேட்டார். யாங் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்தே விட்டார். ஓப்பன்ஹைமர்தான் சமாதானம் செய்து பேசவைத்தார். பௌலி முரட்டுத்தனமாகக் கேட்டாலும் கேட்டது சரியான கேள்வி. அதற்கு இயற்கை இரண்டு வேறு வேறு பதில் வைத்திருந்தது, வல்விசைக்கு ஒன்று, மெல்விசைக்கு ஒன்று.

வல்விசையில் என்ன பதில்?

ஒளித்துவைப்பது. புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளுக்கு மூன்று வகைச் சுமை உண்டு. விளையாட்டாக அதற்கு ‘நிறம்’ என்று பெயர் வைத்தார்கள். கண்ணால் பார்க்கும் நிறத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விசையைச் சுமப்பவை குளுவான்கள், நிறையில்லாதவை. மொத்தம் எட்டு. மூன்று நிறம், மூன்று எதிர்நிறம், பெருக்கினால் ஒன்பது வருமே என்று வகுப்பில் எப்போதும் ஒருவர் கேட்பார். ஒன்பதில் ஒரு கலவை நிறமே இல்லாதது. அது உண்மையிலேயே இருந்தால் எங்கும் தடையின்றிப் பரவி, இரண்டு கல்லுக்கு இடையில்கூட வல்விசை வேலை செய்யும். உலகம் அப்படி இல்லை, ஆகவே எட்டு.

குளுவான்களே நிறத்தைச் சுமப்பதால் புலக்கோடுகள் விரிந்து பரவாமல் கயிறு மாதிரி ஒடுங்கிக்கொள்கின்றன. இரண்டு குவார்க்குகளைப் பிரித்து இழுத்தால், ஏறத்தாழ 15 டன் எடைக்குச் சமமான இழுவிசை; தூரம் கூடினாலும் தளர்வதில்லை. பாரம் ஏற்றிய லாரி ஒன்று புரோட்டானைவிடச் சின்ன ஒரு துகளைப் பிடித்துத் தொங்குவது போல. மேலும் இழுத்தால் கயிறு அறும். ஆனால் அறுந்த இடத்தில் புதுக் குவார்க்கு ஜோடி பிறந்துவிடும். தனிக் குவார்க்கைக் கையில் பிடிக்க வழியே இல்லை. மாறாக, மிக நெருக்கத்தில் விசை தளர்ந்துபோகும். 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்ஸர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள், 2004இல் நோபல். குளுவானின் தடயம் 1979இல் ஹாம்பர்க்கில் கிடைத்தது.

மெல்விசையில்?

அங்கே விசையைச் சுமக்கும் கேஜ் துகள்களுக்கு நிஜமாகவே நிறை உண்டு. அவற்றுக்கு டபிள்யூ, இசட் என்று பெயர். துகள் நிறையை அளக்கும் அலகில் டபிள்யூ 80.4, இசட் 91.2 கிகா எலக்ட்ரான் வோல்ட்; டபிள்யூ ஒரு புரோட்டானைப் போல் சுமார் 85 மடங்கு. அதனால்தான் மெல்விசை எட்டும் தூரம் புரோட்டானின் அகலத்தில் சில நூறில் ஒரு பங்குதான். மெல்லியது என்றாலும் இளக்காரம் வேண்டாம். வாழைப்பழம் சாப்பிட்டுச் சேர்த்த பொட்டாசியத்தில் நொடிக்குச் சில ஆயிரம் அணுக்கள் உங்கள் உடம்புக்குள் மெல்விசையால் சிதைந்துகொண்டிருக்கின்றன. சூரியனில் இரண்டு புரோட்டான்கள் இணையும் முதல் படியும் இதன் வேலைதான். இது இவ்வளவு சோம்பேறி என்பதால்தான் சூரியன் ஒரேயடியாக எரிந்து தீராமல் 460 கோடி ஆண்டாக நிதானமாக எரிகிறது.

நிறை எப்படி வந்தது? 1964இல் பிரௌட், எங்லேர், ஹிக்ஸ் முதலானோர் சொன்ன வழி: வெற்றிடம் வெறுமையாக இல்லை, ஒரு புலம் எங்கும் சுழியல்லாத மதிப்போடு நிறைந்திருக்கிறது. சமன்பாடுகளில் கேஜ் சுதந்திரம் அப்படியே இருக்கும். அந்தப் புலத்தோடு இணைகிற டபிள்யூவுக்கும் இசட்டுக்கும் நிறை வரும். இணையாத ஃபோட்டானுக்கு வராது. கிளாஷோ 1961இல் போட்ட சட்டகத்தில் வைன்பெர்க் 1967இலும் அப்துஸ் சலாம் 1968இலும் இதைப் பொருத்தினார்கள். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1971இல் ஜெரார்ட் ட ஹூஃப்ட் என்ற டச்சு மாணவர் இந்தக் கணக்கில் முடிவிலிகள் அடங்கும் என்று காட்டிய பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 1973இல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் இசட்டின் மறைமுகத் தடயம், 1983இல் டபிள்யூவும் இசட்டும் நேரில், 2012 ஜூலை 4 அன்று அந்தப் புலத்தின் துகளான ஹிக்ஸ், 125 கிகா எலக்ட்ரான் வோல்ட்.

ஹிக்ஸ்தானே எல்லாப் பொருளுக்கும் எடை கொடுக்கிறது?

இல்லை. புரோட்டானின் நிறை 938 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதற்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளுக்கு ஹிக்ஸ் தரும் நிறை எல்லாம் சேர்த்து 9 சொச்சம். மீதி 99 சதவீதம் குளுவான் புலத்தின் ஆற்றலும் குவார்க்குகள் உள்ளே அடைபட்டு ஓடுகிற ஆற்றலும்தான். 60 கிலோ ஆளின் எடையில் ஹிக்ஸின் பங்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கணினியில் வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து 2008இல் புரோட்டானின் நிறையைக் கணக்கிட்டபோது விடை அளந்த மதிப்போடு சில சதவீதத்துக்குள் ஒத்துவந்தது.

இன்னொன்று: ஹிக்ஸ் புலத்தைத் தேன் என்றும் துகளைத் தேனில் ஓடும் பந்து என்றும் சொல்லும் உவமையை விட்டுவிடுங்கள். தேன் பந்தை நிறுத்திவிடும். ஹிக்ஸ் புலம் எதையும் நிறுத்துவதில்லை.

ஈர்ப்பு விசையும் கேஜ்தானா?

உறவுக்காரர். அங்கேயும் சீட்டு உண்டு, சுற்றி வந்தால் மிச்சம் உண்டு. அந்த மிச்சம்தான் வெளி–காலத்தின் வளைவு. ஆனால் குவாண்டம் கணக்கில் மற்ற மூன்றும் அடங்குவது போல அது அடங்குவதில்லை.

நம் நாட்டுக்காரர்கள் யாராவது இதில் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். ஃபோட்டான், குளுவான், டபிள்யூ, இசட் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயரான ‘போசான்’ சத்யேந்திரநாத் போஸின் பெயர். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த கேரளத்துக்காரர் இ. சி. ஜி. சுதர்சன், 1957இல் தம் ஆசிரியர் மார்ஷக்குடன் சேர்ந்து மெல்விசையின் வடிவம் என்ன என்று சொன்னார். அதற்கு எதிராக இருந்த சில சோதனை முடிவுகள் தவறாக இருக்கவேண்டும் என்று துணிந்தும் சொன்னார். அவைதான் தவறாகிப் போயின. மெல்விசையைச் சுமப்பது ஃபோட்டானைப் போன்ற ஒரு துகளாக இருக்கலாம் என்பதற்கு அந்த வடிவம்தான் துப்பு. நோபல் அவருக்கு வரவே இல்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. 1980களில் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு அவர் இயக்குநராக இருந்தார். அந்த நிறுவனம் 1962இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கியது.

கோலார் தங்கச் சுரங்கத்தையும் சொல்லவேண்டும். 1965இல் வளிமண்டலத்தில் பிறக்கும், எதையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற துகளை உலகில் முதலில் பார்த்த இடங்களில் அது ஒன்று. மூன்று விசைகளும் ஒரே பெரிய கேஜ் குடும்பம் என்றால் புரோட்டானும் என்றாவது சிதையவேண்டும். 1980களில் அதே சுரங்கத்தில் அதைத் தேடினார்கள். இன்றுவரை எங்கும் கிடைக்கவில்லை. சில வகைச் சிதைவுகளுக்கு, புரோட்டானின் ஆயுள் 1க்குப் பின்னால் 34 சுழி போட்ட ஆண்டுகளுக்கும் மேல் என்று ஜப்பான் சோதனை சொல்கிறது.

இதனால் என்ன பயன்?

பெட்ரோல் விலை குறையாது. மருத்துவமனையின் பெட் ஸ்கேன் மெல்விசைச் சிதைவில்தான் ஓடுகிறது. ஆனால் அதற்காக யாரும் கேஜ் கோட்பாடு படிப்பதில்லை.

இன்னும் தீராதது என்ன?

ஏன் இந்த மூன்று குடும்பம்? சீட்டில் வரும் சுழற்சிகளின் குடும்பங்களை எஸ்யூ(3), எஸ்யூ(2), யு(1) என்று எழுதுவோம். 8, 3, 1 என்று பன்னிரண்டு கேஜ் துகள்கள். பதினொன்றாகவோ இருபத்து நான்காகவோ ஏன் இல்லை என்பதற்கு விடை கிடையாது. எலக்ட்ரானின் சுமையும் புரோட்டானின் சுமையும் குறி தவிர ஏன் அச்சு அசலாகச் சமம் என்பதும் முழுமையாகத் தீரவில்லை. பெரிய குடும்பம் என்ற யோசனையின் ருசியே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பணம் வைத்த கேள்வியும் ஒன்று உண்டு. யாங்–மில்ஸ் கோட்பாடு கணிதப்படி பிசகில்லாமல் இருக்கிறது, அதில் வெளிப்படும் மிக இலேசான துகளுக்கும் சுழியல்லாத நிறை உண்டு என்று நிறுவிக் காட்டினால் கிளே கணித நிறுவனம் 2000இல் அறிவித்த 10 லட்சம் டாலர் பரிசு கிடைக்கும். கணினியில் பார்த்தால் உண்மை என்றே தெரிகிறது. நிரூபணம்தான் இல்லை. பௌலி கேட்ட அதே கேள்வி, விலைச்சீட்டோடு.

வகுப்புக்கு வர என்ன தெரிந்திருக்கவேண்டும்?

கலப்பெண்கள், பி.எஸ்சி. அளவு மின்காந்தவியல், ஷ்ரோடிங்கர் சமன்பாட்டோடு கொஞ்சம் பழக்கம். சுழற்சிகளின் கணிதமான குலக் கோட்பாட்டை இங்கேயே தொடங்குவோம், தீப்பெட்டியிலிருந்து. வரும்போது ஆளுக்கு ஓர் எவர்சில்வர் தட்டு எடுத்து வாருங்கள். போன தடவை மார்க்கர் அழியவில்லை என்று எங்கள் வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.